துள்ளாத வளையம்

கீழே போட்டால் துள்ளாத ரப்பர் லேசில் கிடைக்காது, இன்ஸ்பெக்டர். துள்ளுவதற்கென்றே பிறந்த பொருள் அது. எறிந்த இடத்தில் அதைச் சமர்த்தாக உட்கார வைக்க எனக்கு மூன்று குளிர்காலம் பிடித்தது. நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும். ஆனால் இதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

என் தொழில் மாட்டுக் கொட்டகைகளுக்கு ரப்பர் மெத்தை போடுவது. இந்தப் பள்ளத்தாக்கில் என் மெத்தையில் படுக்காத மாடு குறைவு. பெயர் கிளிஃபோர்ட் கார்பட், வயது ஐம்பத்தெட்டு, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோடைக்காலத்தில் எல்லாரையும் போல நானும் மதுக்கடைக்குப் பின்னால் இரும்பு வளையம் எறிவேன். நீங்கள் நகரத்திலிருந்து வந்தவர் என்பதால் சொல்கிறேன். களிமண் குழி, நடுவில் இரும்பு முளை, பதினோரு கஜம் தள்ளி எறிபவன். வளையம் ஐந்து ராத்தலுக்கு மேல். முளையில் மாட்டினால் புள்ளி. அவ்வளவுதான் விளையாட்டு. மழை பெய்தால் இல்லை, பனி விழுந்தால் இல்லை, பெண்களாலும் பிள்ளைகளாலும் அவ்வளவு தூரம் எறியவே முடியாது. வருஷத்தில் பாதி நாள் ஆண்கள் உள்ளே உட்கார்ந்து பீர் குடித்துத் தொந்தி வளர்ப்பார்கள்.

எல்லாரும் ஆடக்கூடிய ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டேன். முளை நட்ட பலகையும் ரப்பர் வளையங்களும், பெட்டி மாதிரி மூடிக் கையில் தூக்கிப் போகவேண்டும். மழையென்றால் சமையலறையில் விரிக்கலாம், வெயிலென்றால் தோட்டத்தில். கேட்பதற்குச் சுலபம். ஆனால் வெளியே காற்றுக்கு அசையாத கனம் வேண்டும். உள்ளே அதே கனம் ஜன்னலை உடைக்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். வளையத்தின் வயிற்றில் பார்லியை அடைத்துப் பார்த்தேன். ஈரப் புல்லில் இரண்டு நாள் கிடந்து முளைவிட்டது. மணல் ஒரு பக்கமாகச் சரிந்தது. கடைசியில் மணலும் மரத்தூளும் கலந்து அடைத்ததும் பூனை படுப்பது போல மெத்தென்று விழுந்தது. அடிப்பக்கம் மாட்டு மெத்தைக்குப் போடுகிற அதே வரிப்பள்ளம் போட்டேன். தன் மூத்திரத்திலேயே நிற்கிற மாடு வழுக்காத ரப்பர் அது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

என் தாள்காரன் வில்ஃப் மெட். தாள்காரன் என்றால், குழியோரம் முட்டி போட்டு உட்கார்ந்து, வளையம் விழவேண்டிய இடத்தில் ஒரு துண்டு வெள்ளைத்தாளைக் களிமண்ணோடு பிடித்துக் காட்டுபவன். எறிபவன் ஆளைப் பார்க்கமாட்டான், தாளைத்தான் பார்ப்பான். கையை எப்போது எடுக்கிறான் என்பதில் தாள்காரனின் மரியாதை இருக்கிறது. சீக்கிரம் எடுத்தால் உன் எறியில் எனக்கு நம்பிக்கையில்லை என்று அர்த்தம். வில்ஃப் வளையம் பாதி தூரம் வந்த பிறகுதான் எடுப்பான். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு அவனைத் தெரியும். எனக்கு அவனைப் பிடிக்கும். அதை யாரும் தப்பாக நினைக்கவேண்டாம்.

பெட்டி தயாரானதும் ஊர்க்கூடத்தில் விளையாட்டுக் கமிட்டி முன்னால் விரித்தேன். தலைவர் லயனல் ஹார்க்கர், எங்கள் அணிக்கும் அவர்தான் கேப்டன். எழுபது வயசு, வாய் மட்டும் இருபது.

"என்னப்பா இது, மாட்டு மெத்தைய வெட்டி டோனட் சுட்டிருக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். இரும்பு ஆபத்து, இது ஆபத்தில்லை என்றேன். கசாப்புக் கடையில் வாங்கி வந்த ஆட்டுத்தலைகளை மேஜையில் வைத்தேன். ஒன்றின் மேல் என் வளையத்தைப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றின் மேல் இரும்பைப் போட்டேன். கொஞ்சம் தெறித்தது. தேநீர்க் கோப்பைகளை மூடி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அது என் கவனக்குறைவு.

லயனல் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டார். "செத்த ஆட்டுக்கு வெலகத் தெரியாது, கிளிஃப். எங்க தாத்தா காலத்துலேருந்து எறியறோம். ஒருத்தனுக்கு ஒரு கீறல் உண்டா, சொல்லு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உன் எறி பாதி, வில்ஃபோட தாளு பாதி. ரப்பர்ல தாளு வேணாம்னு புது ஆட்டம் கொண்டாறியாக்கும்."

இரும்பை விட்டு ரப்பருக்கு மாறுவதா என்ற ஓட்டெடுப்பில் என் பக்கம் இரண்டு கை. ஒன்று என்னுடையது, இன்னொன்று வில்ஃபுடையது.

"உடுறா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று என் தோளில் தட்டினான். "நானும் ஈனிட்டும் வீட்ல ஆடறோம். அவ என்னை தெனம் தோக்கடிக்கிறா."

ஈனிட் அவன் மனைவி.

அன்று இரவு எனக்குக் கோபமே வரவில்லை. லயனல் சொன்னது நியாயமான வாதம். இரும்பால் யாருக்கும் அடிபட்டதில்லை, செத்த ஆட்டுக்கு விலகத் தெரியாது. நியாயமான வாதத்துக்கு நியாயமாகத்தான் பதில் சொல்லவேண்டும். அதனால் விலகத் தெரிந்த ஒன்றை வைத்துப் பார்த்தேன். என்னிடம் ஃப்ளாஸ் என்றொரு நாய் இருந்தது. ஆடு மேய்க்கிற நாய், காளையின் கொம்புக்கே தப்பிக்கும் வேகம். முளைக்குப் பக்கத்தில் பிஸ்கட்டை வைத்துவிட்டு இரும்பை எறிந்தேன். அது வளையம் வருவதைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே வாலை ஆட்டியது. எறிந்தது நான் என்பதால் விலகவில்லை. முதுகெலும்பு முறிந்தது. பிறகு முடித்துவைக்க மண்வெட்டியை எடுத்தேன், கஷ்டப்பட விடுவது பாவம். விலகத் தெரிந்திருந்தும் விலகாததற்குக் காரணம் நம்பிக்கைதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அவ்வளவு நம்பிக்கை வைத்துக் குழியோரம் உட்காருகிற மனுஷன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.

ஜூலையில் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர்களோடு பந்தயம். நல்ல கூட்டம். ஆபத்தைக் காட்டினால் நாலு பேர் பார்க்கக் காட்டவேண்டும். வில்ஃப் கோணிச் சாக்கைப் போட்டு முட்டியை மடக்கினான். வலது முட்டி அவனுக்குச் சரியில்லை, உட்காரும்போது முனகினான். சிகரெட் பெட்டியிலிருந்து கிழித்த தாளை முளைக்கு இடப்பக்கம் வைத்தான்.

"இங்க போடுறா கிளிஃப். தூங்கற கொழந்தைய தொட்டில்ல போடற மாதிரி."

வளையத்தைத் தட்டையாக எறிவதுதான் வழக்கம். விளிம்பாக எறிவது கஷ்டம், அதற்கு இரண்டு வாரம் தனியாகப் பழகியிருந்தேன். தாளைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆளைப் பார்த்தேன். இடது கண்ணுக்கு மேலே பட்டது. ஈரக் களிமண்ணில் விழுகிற சத்தம்தான் கேட்டது, அதனால் கூட்டத்தில் பாதிப் பேர் முதலில் கைதட்டினார்கள். நெற்றி உள்ளே போயிருந்தது. வளையம் அங்கேயே நின்றது. அவன் சாயவில்லை. முட்டி போட்டபடி, தாளை விடாமல் உட்கார்ந்திருந்தான். வாய் மட்டும் எதையோ மெல்வது போல அசைந்தது. என் கையில் இரண்டாவது வளையம் இருந்தது. தேவைப்படுமோ என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் அவன் குழிக்குள் முகம் கவிழ்ந்துவிட்டான். தேவையில்லாமல் நான் எறியவில்லை. நான் கொடூரமானவன் இல்லை.

விபத்து என்று விசாரணையில் சொன்னார்கள். ஊர் முழுக்க என்மேல் இரக்கப்பட்டது. வாசலில் பன்றிக்கறி பணியாரமும் ஆப்பிள் கேக்கும் வைத்துவிட்டுப் போனார்கள். ஈனிட் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தூங்கறியா, கிளிஃபோர்ட்? மொதல்ல சாப்புடு. அவரு முட்டிதான் காரணம். டாக்டர பாருங்க பாருங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

இது எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு செய்தும் பழி முட்டியின் மேல் போகிறதென்றால் என்ன பிரயோஜனம்? "முட்டி இல்ல ஈனிட், இரும்பு. ரப்பரா இருந்தா வில்ஃப் எழுந்து என்னைத் திட்டியிருப்பான்" என்றேன். அவள் வெகுநேரம் அழுதாள். கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் கறுப்பு உடையோடு எழுந்து நின்று அதையே சொன்னாள். அவள் சொன்ன பிறகு மறுத்துப் பேச ஆளில்லை. குழியை மண் போட்டு மூடினார்கள். இரும்பையெல்லாம் சாக்கில் கட்டி லயனல் தன் கொட்டகையில் போட்டார்.

அந்தக் குளிர்காலம்தான் என் வாழ்க்கையின் நல்ல காலம். கூடத்தில் எந்நேரமும் ஆட்டம். கிழவிகள் எறிந்தார்கள், பிள்ளைகள் எறிந்தார்கள், பாதிரியார் மேலங்கியைச் சுருட்டிக்கொண்டு எறிந்தார். மூன்று பள்ளிக்கூடங்கள் பெட்டி கேட்டன. ஈனிட் யாரையும் ஜெயிக்கவிடவில்லை. ஒருமுறை வளையம் மாட்டியதும் அவள் சிரித்தாள், புருஷன் செத்த பிறகு முதல் சிரிப்பு. இது என்னால் அல்லவா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு மதியம் லயனல் கூடத்துக்குத் தனியாக வந்தார். பெட்டிகளுக்கு நான் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

"நானும் கத்துக்கறேம்ப்பா. பொம்பளைங்க கேலி பண்றாங்க."

அவர் எறிந்தது தவறி வெந்நீர் சூட்டுக்குழாய் பக்கம் போய் விழுந்தது. பழைய ஊர்க்கூடங்களில் இருக்குமே, வார்ப்பிரும்பில் விலா விலாவாக, அது. நான் எப்படி எறிவதென்று காட்டினேன். மாட்டியது. இன்னொன்று, அதுவும் மாட்டியது. என் எறியில் பாதி வில்ஃபின் தாள் என்று சொன்னவர் அல்லவா? பார்க்கட்டும் என்று கோட்டிலிருந்து பின்னால் தள்ளி நின்றும் எறிந்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை.

லயனல் பாராட்டவில்லை. இன்னொரு வளையத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"தாளே வேணாம் உனக்கு."

"வேண்டாம், கேப்டன்."

"இரும்புலயும் ஒரு சாணுக்கு மேல நீ தவறி நான் பாத்ததில்ல. இருபது வருஷமா பாக்கறேன்." அவர் குரல் இறங்கியது. "அன்னிக்கு மட்டும் எப்படிடா ஒரு கஜம் தவறுச்சு? அதுவும் விளிம்பா?"

 அவருக்கு என் முகத்திலேயே பதில் கிடைத்துவிட்டது.

"அடப்பாவி. உனக்குக் கைதூக்குன ஒரே ஆளுடா அவன்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். அவர் போய்ச் சொல்லியிருந்தால் என்னைப் பிடித்திருப்பார்கள், அது பெரிதில்லை. ஆனால் விபத்தில்லை என்றாகிவிட்டால் இரும்புக்கு எதிராக என்ன ஆதாரம் மிஞ்சும்? மறுநாளே சாக்கை அவிழ்த்திருப்பார்கள். நான் அவருடைய இரண்டு காதையும் பின்னாலிருந்து பிடித்தேன். தலைமயிர் இல்லாதவருக்கு வேறு பிடி கிடையாது. இழுத்துப் போய்த் திருப்பி, சூட்டுக்குழாயின் விலா எலும்பில் பின்மண்டையை மோதினேன். முதல் தடவை "ஈனிட்" என்றார், அவளிடம் சொல்லத்தான் நினைத்தார் போலிருக்கிறது. பிறகு என் கைமுட்டியைப் பிறாண்டினார், இதோ தழும்பு. ஒரு காது கிழிந்து கையோடு வந்தது, பிடியை மாற்றவேண்டியிருந்தது. அவர் உடம்பு முழுக்கக் கனத்ததும் நிறுத்தினேன். சூட்டுக்குழாயில் ஒழுகியது பொரிகிற வாசனை வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

கைகழுவினேன், அவரைக் கால்நீட்டிப் படுக்கவைத்தேன், போனேன். அவர் எறிந்து தவறின வளையம் அவர் காலருகே அப்படியே கிடந்தது. அதை நான் எடுத்திருக்க வேண்டும். இரண்டு தரப்பும் புள்ளியை ஒப்புக்கொள்ளும் வரை கிடக்கிற வளையத்தை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். ஆட்டம் முடியவில்லை, புள்ளி எண்ணவில்லை. அதனால் என் கை போகவில்லை.

அதனால்தான் உங்கள் ஆட்கள் அப்படி எழுதினார்கள். கிழவர் ரப்பர் வளையத்தில் கால் வைத்து வழுக்கி, சூட்டுக்குழாயில் விழுந்து, கீழே போகும்போது விலாவுக்கு விலா அடிபட்டுச் செத்தார் என்று. காது அதன் இடுக்கில் சிக்கியிருக்கும் என்று. அதைப் படித்துவிட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், இல்லையா? வரவில்லை. என் வளையம் வழுக்குமாம். மெழுகு போட்ட தரையில், ஈரச் செருப்போடு, நானே நூறு முறை ஏறி நின்று பார்த்த வளையம்.

சனிக்கிழமை பெட்டிகளையெல்லாம் கூடத்து முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். ஈனிட்தான் முதலில் கொண்டுவந்து போட்டாள், வில்ஃபும் அவளும் ஆடிய பெட்டி. "இதுவும் ஆள முழுங்கிடுச்சு கிளிஃபோர்ட், என்னை மன்னிச்சுக்க" என்றாள். கறுப்புப் புகை. பள்ளிக்கூடங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. வில்ஃபுக்காக எனக்குக் கண்ணீர் வரவில்லை, நாய்க்கும் வரவில்லை. அன்று வேலியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன்.

அதனால்தான் நானே நடந்து வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, அதையும் எழுதுங்கள். லயனல் ஹார்க்கர் வழுக்கவில்லை. என் வளையம் அவரைத் தொடக்கூட இல்லை. நான் கொன்றேன், இந்தக் கைகளால், முழு நினைவோடு. கையெழுத்துப் போடத் தயார்.

வில்ஃப் விஷயத்தில் மட்டும் ஓர் உதவி செய்யுங்கள். நான் உங்களை நம்பிச் சொன்னேன், ஆனால் காகிதத்தில் விபத்து என்றே இருக்கட்டும். வேண்டுமென்று எறிந்தேன் என்று எழுதினால் இந்தக் கோடையிலேயே குழியைத் தோண்டி இரும்பை வெளியே எடுத்துவிடுவார்கள். பாவம், யாருக்காவது அடிபட்டுவிடும்.