மாட்டாமல் விட்ட பாகம்

துணி உலர்த்தும் டிரையரில் பஞ்சுத் தூசி பிடிக்க ஒரு சல்லடை உண்டு, மேடம். ஒவ்வொரு தடவை துணி காய்ந்ததும் அதை உருவித் தட்டிவிட வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனாலும் பாதி வீடுகளில் தட்டுவதில்லை. என் நாத்தனார் வீட்டிலும் தட்டுவதில்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு ஒரு மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதா என்பது அவருடைய வாதம். வீட்டில் எது நின்றாலும் மெக்கானிக்கைக் கூப்பிட விடமாட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, என் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். காயில் சுற்றுவேன், பிரிப்பேன், எரிந்துபோன மோட்டாரை முகர்ந்து பார்த்தே எங்கே போயிருக்கிறது என்று சொல்வேன். பெண் பார்க்க வந்தபோது இதை என் அப்பா பெருமையாகச் சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம். அன்றிலிருந்து நாத்தனார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "பட்டறை" என்றுதான் கூப்பிடுவார். பத்தொன்பது வருஷம். எனக்கு அதில் கோபம் எல்லாம் இல்லை. பட்டறை ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லையே.

எங்கள் டிரையரில் முதலில் அறுந்தது பெல்ட். என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்துப் புதுசு மாட்டினார். வரி விழுந்த பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். அவர் அதைத் திருப்பிப் போட்டிருந்தார். மெஷின் கழுத்தைப் பிடித்த கோழி மாதிரி கத்தியது. "புதுசுன்னா அப்படித்தான், பழகிடும்" என்றார். மறுநாள் அவர் பள்ளிக்கூடம் போனதும் நான் கழற்றி ஒழுங்காக மாட்டினேன். சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, "பாத்தியா, பழகிடுச்சு" என்றார். பழகியது மெஷின் இல்லை, நான்.

அடுத்தது கதவு ஸ்விட்ச். அவர் மாட்டிய பிறகு கதவைத் திறந்தாலும் டிரம் நிற்காமல் சுற்றியது. அதை ஒரு கூடுதல் வசதியாக அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். மதியமே சரிசெய்தேன். பிறகு மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார். அவர் பகலில் இல்லாததால்தான் எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. அதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

உறவுக்காரர்கள் வந்தால் நாத்தனார் தவறாமல் சொல்வார்: "எங்க தம்பிக்குக் கைராசி. தொட்டதெல்லாம் ஓடும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆறு வருஷம் பட்டறையில என்னத்தக் கிழிச்சே? உன்னால ஒரு பல்பு மாட்ட முடியுமா?" எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஒருவர் மட்டும் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

போன மாதம் நாத்தனாருடைய டிரையர் நின்றுபோனது. தனியாக இருப்பவர், தம்பியைத்தானே கூப்பிட வேண்டும். டார்ச் பிடிக்க நானும் போனேன். பின்பக்கத் தகட்டைக் கழற்றியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. போயிருந்தது சூட்டு ஃபியூஸ். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். சூடு அளவு மீறினால் தன்னை அறுத்துக்கொண்டு மெஷினை நிறுத்திவிடும். அது சும்மா போகாது. காற்று வெளியே போகும் குழாயில் தூசி அடைத்திருந்தால்தான் போகும். அங்கே ஒரு தலையணை தைக்கும் அளவுக்கு இருந்தது.

கடையில் பாகம் வர நாலு நாள் ஆகும் என்றார்கள். "இந்தச் சுண்டைக்காய்க்கு நாலு நாளா" என்று சொல்லிவிட்டு, அவர் ஃபியூஸைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு ஒயரையும் நேராக முறுக்கிவிட்டார்.

"ஏங்க, அது இல்லாம..." என்று ஆரம்பித்தேன்.

"பட்டறை, வாய மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி" என்றார் நாத்தனார்.

பிடித்தேன்.

நியாயமாகச் சொன்னால் என் கடமையை நான் மறக்கவில்லை. நாலாவது நாள் கடைக்குப் போய் அந்தப் பாகத்தை வாங்கினேன். வேலைக்குக் கால் மணி நேரம் போதும். பையில் திருப்புளியும் இருந்தது. நாத்தனார் கதவைத் திறந்து, "வந்தது நல்லதாப் போச்சு, இதை மடிச்சு வை" என்று காய்ந்த துணிக் குவியலைக் காட்டினார். மடித்தேன். துணி தொட முடியாத அளவுக்குக் கொதித்தது. "பாரு, முன்னவிடச் சூடா வருது. தம்பி கை அப்படி. அவனுக்குப் போய் உன்னைக் கட்டி வச்சோமே" என்றார். ஆமாம் என்றேன். போர்வையைக் கடைசியாக மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பாகமும் என்னுடனே திரும்பி வந்தது.

சனிக்கிழமை மதியம் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பள்ளியில் ஏதோ கூட்டம், அவர் போனை எடுக்கவில்லை. அதனால் எனக்கு.

"ஏம்மா, மெஷின்ல கருகுற வாசனை வருதே. தொட்டாச் சுடுது. நிறுத்திடவா?"

ஏம்மா என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மெஷினைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டார். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை.

"புதுசா வேலை பாத்தா அப்படித்தான் இருக்கும் அண்ணி. நடுவுல நிறுத்தினா அவர் செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும். சூடு அதிகமானா அதுவே நின்னுடும். கதவைச் சாத்திட்டுப் போய்ப் படுங்க."

"அதுவா நின்னுடுமா?"

"நின்னுடும் அண்ணி."

மதியம் மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்குவது நாத்தனார் வழக்கம். அன்றும் தூங்கினார். மற்றது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் புகையைப் பார்த்துக் கதவை உடைத்து உள்ளே போனபோதும் டிரம் சுற்றிக்கொண்டிருந்ததாமே.

நான் எதையும் தொடவில்லை, மேடம். ஒரு ஒயரைக்கூட. முன்பெல்லாம் தொட்டுக்கொண்டிருந்தேன், அப்போது யாரும் கேட்கவில்லை.

இதைச் சொல்ல நான் வந்திருக்கவே மாட்டேன். ஆனால் என் வீட்டுக்காரர் உங்கள் முன்னால் மார்பில் அடித்துக்கொண்டு, "நான்தான் பண்ணேன், எல்லாம் என் கையால பண்ணேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எவ்வளவு நேர்மையான மனுஷன் என்று உறவெல்லாம் உருகுகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஆறுதல் சொல்ல ஆட்கள் வருகிறார்கள். நேற்று அவருடைய தலைமை ஆசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பை ஒத்துக்கிற மனசு யாருக்கும்மா வரும்" என்றார். எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் வந்தேன். என்ன நடக்கும் என்று தெரிந்து, தடுக்கவும் தெரிந்து, படுங்கள் என்று சொல்லிப் படுக்க வைத்தவள் நான். அந்த வாக்குமூலத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். கொன்றவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடாதீர்கள். அந்த அளவுக்கு அவருக்கு வேலை தெரியாது.