கிட்னி வித்தவ

லோகு: தழும்பு எங்க?

திலகவதி: இன்னா தழும்பு?

லோகு: கிட்னிய வித்துட்டேன்னு உங்க அண்ணியாண்ட சொன்னியாமே. எடுத்திருந்தா தழும்பு இருக்குமில்ல... காட்டு.

திலகவதி: கூடப் பொறந்தவள இடுப்பக் காட்டச் சொல்றியா? நல்லாருக்கு. கைய ஆட்டாதண்ணா, ஊசி நகர்ந்துக்கும். மிஷினு கத்தப் போவுது.

லோகு: ரெண்டு வருஷமா டயாலிசிஸ் பண்ணிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியும். பேச்ச மாத்தாத.

திலகவதி: நாஷ்டா துன்னியா?

லோகு: திலகா...

திலகவதி: ஆமா, வித்துட்டேன். உனக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. திட்டிக்கோ.

லோகு: யாருக்கு வித்தே?

திலகவதி: யாரோ... பணக்காரரு.

லோகு: எந்த ஆஸ்பத்திரி?

திலகவதி: அது... மெட்ராஸ்ல.

லோகு: கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஒரு நாளு லீவு போடாதவ நீ. பொங்கலுக்கே ஓவர்டைம் பார்த்துக்கினு ஆஸ்டல்ல கெடந்தே. ஆபரேஷனுக்கு எப்ப போனே?

திலகவதி: போர்வைய மேல இழுத்து வுடவா?

லோகு: எனக்குக் குடுக்கறேன்னு வந்தியே, அப்ப எடுத்த ஸ்கேனப் பார்த்துட்டு, உனக்குப் பொறக்கும்போதே ஒரு கிட்னிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு.

திலகவதி: வேற... வேற இன்னா சொன்னாரு?

லோகு: வேற இன்னா இருக்குது?

திலகவதி: ஒண்ணுமில்ல.

லோகு: பொறவியிலயே ஒண்ணுன்னு நீயே சொல்லியிருந்தா யாரு இன்னா கேக்கப் போறாங்க? எதுக்கு இந்தக் கெட்ட பேரு?

திலகவதி: அண்ணிதான் மொதல்ல ‘வித்துட்டியாடி’ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். சுளுவா இருந்துச்சு. இல்லன்னா, ஏன் ஒண்ணுதான் இருக்குதுன்னு டாக்டராண்ட போய் நிப்பா. அவரு மிச்சத்தையும் சொல்லிடுவாரு.

லோகு: மிச்சம்னா?

திலகவதி: வேணாண்ணா. உங்கிட்ட எப்டி சொல்றது...

லோகு: மிஷின்ல கட்டிப் போட்ருக்காங்க. எழுந்து ஓடிட மாட்டேன், சொல்லு.

திலகவதி: அம்மா வயித்துல நாம நகத்தளவு இருக்கசொல்ல, கர்ப்பப்பைக்குன்னு ரெண்டு கொழா வருமாம். சோத்தாங்கை பக்கம் ஒண்ணு, பீச்சாங்கை பக்கம் ஒண்ணு. எறங்கி வந்து நடுவுல ஒட்டிக்கினா அதான் பை. கிட்னியும் அது பக்கத்துலயே வளருமாம். எங்க கம்பெனில ஒரு லைன் நின்னா பக்கத்து லைனும் சேர்ந்து நிக்கும்... எனக்கு அப்டி நின்னுடுச்சுண்ணா.

லோகு: அப்போ அந்தப் பை...

திலகவதி: இல்லண்ணா. முட்டைப்பை மட்டும் இருக்குதாம். அது வேற எடத்துல வளர்றது. அதான் பார்க்க எல்லார் மாதிரியும் இருக்கேன்.

லோகு: ம்.

திலகவதி: எனக்கு ஊத்துன மஞ்சத் தண்ணி பொய்ணா. தெருவுல பொண்ணுங்க எல்லாம் வயசுக்கு வந்துட்டாங்க, நான் மட்டும் பாக்கி. ஒரு நாளு அம்மாவே ‘வந்துட்டா’ன்னு சொல்லிடுச்சு. சுப்பராயன் மாமா திருவாலங்காட்லேந்து சீரு தூக்கினு வந்தாரு. நான் ஓலைக்குள்ள உக்காந்து அழுதுக்கினு இருந்தேன்.

லோகு: வெக்கத்துல அழுவுறேன்னாங்க.

திலகவதி: எல்லாரும் அதான் சொன்னாங்க.

லோகு: யாராண்டயும் சொல்லலியா?

திலகவதி: வெளிய மூச்சு வுடாதன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கிச்சு. அப்பறம் அதுவும் போய்ச் சேந்துடுச்சு. மாசா மாசம் ஆஸ்டல் பொண்ணுங்களோட போய் நானும் நாப்கின் வாங்குவேன். வயித்துவலின்னு போத்திக்கினு படுத்துக்குவேன். கூட இருக்குற பிரின்சி பாவம், சுடுதண்ணி வெச்சுக் குடுப்பா. அப்பதாண்ணா ரொம்பத் தனியா இருக்கும்.

லோகு: அழுவாத.

திலகவதி: கிட்னி வித்தவன்னா நாலு பேரு திட்டுவாங்க. நானும் திருப்பித் திட்டலாம். இது தெரிஞ்சா பாவம்னு பார்ப்பாங்க. என் ஒடம்பு உனக்காவது ஒதவும்னு ஆசையா வந்தேன்... அதுவும் இல்லன்னு ஆயிடுச்சு. உனக்கு மட்டும் இது தெரியவே கூடாதுன்னு இருந்தேண்ணா.

லோகு: வந்த மாப்பிள்ளைங்கள எல்லாம் ஜாதகம் சேரலன்னு திருப்பி அனுப்புனது யாருன்னு நெனைக்கிற? அம்மா சாவறதுக்கு முன்னாடி எங்கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிச்சு, திலகா... எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியக் கூடாதுன்னு.