கூடாத கேள்வி

— உம்மா, நில்லுங்க! எங்க இந்த ஓட்டம்? டொக்டர் என்ன சொன்னாரு?

— வா றிஃப்னா, போவம். இன்னம் ஒரு நிமிசம் இங்க நிண்டா வாந்தி எடுத்துப் போடுவன்.

— ஸ்கேனுக்கு எழுதித் தந்தாரா இல்லயா?

— தந்தான்! "ஓன நே அம்மே" எண்டான். தேவயில்லயாம். இதோட மூணாவது தரம். மேசையில பாதி கடிச்ச பணிஸ், அதுக்குப் பக்கத்துல கழட்டிப் போட்ட கையுறை. அந்தக் கையாலதான் என்னத் தொட்டவன். சீ!

— பணிஸ விடுங்க உம்மா. இடுப்புக்குப் பின்னால நாரி நோவு எண்டு சொன்னீங்களா?

— டொக்டரெண்டா அவன்தானே கேக்கணும்? கேக்காம நானாப் போய் ஒரு ஆம்புளைக்கு நாரியத் திறந்து காட்டுறதா?

— நல்ல கதை! கேன்சருக்கு மார எடுத்து ரெண்டு வருசம். ஆறு மாசமா நாரியப் பிடிச்சுக்கிட்டு அனுங்குறீங்க. அந்த நோய்தான் திரும்பி எலும்புக்கு வந்திட்டோ எண்டு நான் பதறிப்போய் லீவு போட்டு வந்திருக்கன். நீங்க வாயத் திறக்கல்ல எண்டுறீங்க.

— எனக்குப் பயமில்லயா? மதுரங்குளி மாமிக்கும் நாரியிலதான் துடங்கின. வாய்வு, வாய்வு எண்டு வெள்ளப்பூடு அவிச்சுக் குடுத்தாங்க. முள்ளந்தண்டு முழுக்கப் பரவினாப் பொறகுதான் படம் எடுத்த. படம் வந்த கிழமையே மௌத்து. அதுக்குத்தானே நாயா அலையிறன், ஸ்கேன் ஸ்கேன் எண்டு.

— அப்ப அத வடிவா விளங்கப்படுத்திச் சொல்ல என்ன உள்ளுக்குக் கூட்டிப் போயிருக்கலாமே. "மகள் வெளிய நிக்கட்டும்" எண்டு நர்ஸ் மிஸ்ஸிட்ட சொன்னது நீங்கதான்.

— எனக்கென்ன சிங்களம் தெரியாதா? தொண்ணூறுல நம்மட சனத்த விரட்டின நேரம் மன்னாரால உடுத்த உடுப்போட வந்து, சிலாபம் சந்தையில பதினொரு வருசம் கருவாடு வித்துத்தான் உன்ன வளத்த. எனக்கு ஆரும் கதைச்சுத் தரத் தேவயில்ல. அதோட, நீ அதப் பாக்கக் கூடா.

— எத?

— தச்ச சாக்கு மாதிரிக் கிடக்கு மகள். எனக்கே அருவருப்பு. அலுமாரிக் கண்ணாடிக்குச் சீலை போட்டு வெச்சிருக்கன்.

— உம்மா...

— அந்தப் பக்கத்து வீட்டுக் கமறியா வேற. இந்த நோய்க்கு நல்லமாம் எண்டு அன்னமுன்னா இலை அவிச்ச தண்ணியக் கொண்டு வந்து தந்துட்டு, என்ட நெஞ்சயே பாத்துக்கிட்டு நிக்கிறா. எந்தப் பக்கம் இருக்கு, எந்தப் பக்கம் இல்ல எண்டு. தூ! அவ போனதும் கோழிக் கூட்டுக்குள்ள ஊத்தினன்.

— சரி, கிளினிக் கொப்பியத் தாங்க. நான் போய்க் கதைக்கிறன். ஸ்கேன் எழுதாம இண்டைக்கு அந்த அறைய விட்டு வர மாட்டன்.

— போகாத! அவன் நல்ல மனிசன் இல்ல.

— ஏன்?

— சொல்ல வாய் கூசுது.

— என்ன செஞ்சான் உம்மா? சொல்லுங்க.

— செய்யல்ல. ஒரு கேள்வி கேக்கிறவன். போற நேரமெல்லாம், மூணு தரமும். கலியாணம் கட்டின பொம்புளையிட்ட அன்னிய ஆம்புள கேக்கக் கூடாத கேள்வி.

— மூணு தரமும் பொறுத்துக்கிட்டா வந்தீங்க? இப்பவே மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதுறன்.

— கத்தாத. சனம் பாக்குது.

— பாக்கட்டும்! அவன்ட பேரும் திகதியும் கொப்பியில இருக்கும்தானே... இது உங்கட பேரு, செய்னுலாப்தீன் மஹ்மூதா, வயசு அம்பத்தெட்டு... உம்மா, இது என்ன?

— என்னது?

— இங்கிலீசில எழுதியிருக்கு. "நோவு இல்ல." போன தரமும் "நோவு இல்ல." அதுக்கு முந்தியும் அதேதான். நோவு இல்ல, ரத்தம் நல்லம், ஸ்கேன் தேவயில்ல.

— பொய்யன்! பாத்தியா? நோகுதா எண்டு ஒரு சொல்லுக் கேக்காம தன்ட பாட்டுக்கு எழுதி வெச்சிருக்கான். இவனெல்லாம் படிச்ச மனிசன்!

— ஒரு சொல்லும் கேக்கல்லயா?

— வல்லாஹி கேக்கல்ல. வாயத் திறந்தா அந்த ஒரு கேள்விதான்.

— அந்தக் கேள்விய அவன் கேட்ட மாதிரியே சொல்லுங்க.

— "வேதனாவக் தியெனவாத அம்மே?"

— இன்னொருக்காச் சொல்லுங்க.

— எத்தன தரம் சொல்லுற? மனசுல வேதனை இருக்கா எண்டு கேக்கிறான்! பாதி நெஞ்சப் பாத்துக்கிட்டே கேக்கிறான், வெக்கங்கெட்டவன். எனக்கு வேதனை இருந்தா இவனுக்கென்ன? காயம் நாறுது எண்டு உன்ட வாப்பா பாயச் சுருட்டிக்கிட்டு முன்னறைக்குப் போனத இவனுக்குச் சொல்லணுமா?

— வாப்பாவா? எப்ப?

— ஆஸ்பத்திரியால வந்த மூணாம் நாள். விடு அத.

— எனக்கு ஒரு சொல்லு சொல்லல்லயே உம்மா.

— ஆருக்கும் சொல்லல்ல. மானம் எண்டு ஒண்டு இருக்கு.

— டொக்டருக்கு என்ன மறுமொழி சொன்னீங்க?

— "நே", இல்ல எண்டு சொன்னன். தலய நிமித்தி, சிரிச்சுக்கிட்டே சொன்னன். மூணு தரமும்.

— உம்மா, இந்த வாங்கில கொஞ்சம் இருங்க. சிங்களத்துல வேதனாவ எண்டா மனவேதனை இல்ல. உடம்பு நோவு. நோகுதா எண்டுதான் அந்த மனிசன் கேட்டிருக்காரு.

— போடி! பதினொரு வருசம் சிங்களச் சனத்தோட கதைச்சவள் நான்.

— கருவாட்டுக்கு நோகாதுதானே உம்மா. சந்தையில அந்தச் சொல்லு எங்க வரப் போகுது?

— அப்ப... கொப்பியில எழுதியிருக்கிறது?

— நீங்க சொன்னதத்தான் எழுதியிருக்காரு.

— யா அல்லாஹ்.

— அழாதீங்க. நான் போய்ச் சொல்லுறன், உம்மா பிழையா விளங்கி இல்ல எண்டு சொல்லிட்டா எண்டு. இண்டைக்கே எழுதுவாரு.

— பிழையா விளங்கினது சரி மகள். நான் விளங்கின கேள்விக்காவது ஓம், வேதனை இருக்கு எண்டு உண்மையச் சொல்லியிருந்தா, அவரு முதல் நாளே ஸ்கேன் எழுதியிருப்பாரு, என்ன?