சொர்ணவல்லியின் கையெழுத்து

மனை வாங்க வருகிறவர்கள் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுதான் முதலில் கேட்பார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. விற்கிறவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்கத் தோன்றாது. இலுப்பூரில் பத்திரம் எழுத உட்கார்ந்த நாளிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருமுருகன் துபாயிலிருந்து வந்து, தன் சொந்தக்காரன் ஆண்டியப்பனின் மனையை விலை பேசிவிட்டு, அவனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அது ஆண்டியப்பனின் அப்பா விட்டுப்போன சொத்து. வாரிசு என்று தன் பெயரை மட்டும் போட்டுச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தான். ஆனால் அவனுக்கு ஒரு தங்கை உண்டு, சொர்ணவல்லி. அவள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனதும், வீட்டில் மொட்டை போட்டு, கருமாதி செய்து, ஊருக்கே சோறு போட்டார்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் திருமுருகன்.

"தங்கச்சி கையெழுத்துப் போட வாராங்களா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"அவளுக்குத்தான் காரியமே முடிஞ்சிருச்சேங்க," என்றான் ஆண்டியப்பன்.

திருமுருகன் சிரித்தார். "வில்லங்கம் எதுவும் இல்லையேங்க?"

"வில்லங்கச் சான்றுல ஒண்ணுமில்லைங்க," என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. பதிவான கிரயம், அடமானம் இதெல்லாம்தான் அந்தச் சான்றில் வரும். உயிரோடு இருக்கிற தங்கை வரமாட்டாள். அவள் கையெழுத்து இல்லாமல் அவள் பங்கு இவருக்கு வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

பதிவு முடிந்தது. பட்டாவும் மாறியது. விராலிமலையில் பூ விற்கும் சொர்ணவல்லியிடம் அப்போதே போயிருக்கலாம். வெறும் மனை போனால் திருமுருகனுக்கு என்ன வலித்துவிடப் போகிறது? வீடு எழும்பட்டும் என்று இருந்தேன். எழும்பியது, மாடியோடு. அந்த வீட்டை அவர் மகள் கலைமதி பெயருக்கு எழுதி வைப்பதாகச் சொல்லி அவளுக்கு மாப்பிள்ளையும் முடித்தார்கள். கல்யாணப் பத்திரிகை என் மேசைக்கு வந்த மறுநாள் விராலிமலைக்குப் பஸ் ஏறினேன்.

"செத்தவளுக்கு யாரு பங்கு குடுப்பாக அக்கா?" என்று சொர்ணவல்லி அழுதாள்.

"நீ உசுரோட இருக்கேன்னு கோர்ட்டுல சொல்லு, குடுப்பாங்க," என்றேன். புதுக்கோட்டையில் வக்கீலும் பார்த்துக் கொடுத்தேன். கல்யாணத்தைப் பற்றி மட்டும் அவளிடம் மூச்சு விடவில்லை. பாவம், இளகின மனசு.

வீட்டை யார் பெயருக்கும் மாற்றக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது. "வில்லங்கமான சொத்து, பொண்ணு வேணாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது, ஐயா. மறைக்க என்ன இருக்கிறது. அந்தக் காலத்தில் திருமுருகனுக்கு என்னை நிச்சயம் செய்துவிட்டு, அப்பா எனக்குத் தருவதாகச் சொன்ன நிலத்துக்குப் பத்திரம் சரியில்லை என்று, இதே வார்த்தையை அவர் வீட்டிலிருந்தும் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு என்னைக் கேட்டு யாரும் வரவில்லை. அப்பா வெளியே தலைகாட்டாமலே போய்ச் சேர்ந்தார்.

நான் கிணற்றில் விழவில்லை. பத்திரம் எழுதக் கற்றுக்கொண்டேன். கலைமதி விழுந்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் மனசு இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு திருமுருகன் என்னிடம்தான் வந்தார். வேட்டி அழுக்காக இருந்தது. "இனி வீட்டை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அந்தச் சொர்ணவல்லிக்கே எழுதிக் குடுத்துருங்கக்கா," என்றார். அவர் என்னைவிட மூத்தவர். அக்கா என்கிறார். முகத்தை நேராகப் பார்த்துப் பேசுகிறார், ஒரு தடவைகூட கண் தடுமாறவில்லை. "நீங்க ரொம்ப உதவி பண்ணீங்க, ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் கூப்பிடாமல் நானாகவே இங்கே வந்ததும் அதனால்தான். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டுவீர்கள் அல்லவா? அப்போது ராஜலட்சுமி என்ற என் பெயரைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள், ஐயா.