பின்சில்லு இழுக்கிற கார்

டென்மார்க்கில் எங்கள் ஆட்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட விண்ணப்பித்துவிட்டுப் பதிலில்லாமல் காத்திருந்த காலம். ஹேர்னிங்கில் ஸ்னோ கொட்டிய ஒரு காலை, பஸ்ஸில் எனக்குப் பின்சீற்றில் இரண்டு தமிழர் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

"என்ரை கார் குளிருக்குப் பயந்து படுக்காது, அண்ணை" என்றான் இளையவன். என் காது அங்கே போய்விட்டது.

மற்றவர் சிரித்தார். "பின்சில்லு இழுக்கிற ஸ்போர்ட்ஸ் கார். ஸ்னோவிலை பம்பரம் மாதிரிச் சுத்தும். பங்குனி வரைக்கும் கராஜிலை விடடாப்பா."

"அதுக்குத்தானே ஸ்னோ ரயர் எடுக்கப் போறன்."

"அப்ப பின்னுக்கு ரண்டு காணும்."

"காணாது. பின்னுக்கு மட்டும் போட்டால் கார் வெளிக்கிடும், வளைவிலை திரும்பாது. நாலுக்கும் போடுவன்."

"இந்தக் குளிருக்கை எங்கை ஓடப்போறாய்?"

"கொப்பன்ஹேகனுக்கு. மனிசியும் பிள்ளையும் கொழும்பிலை லொட்ஜிலை இருக்கினம். இஞ்ச கேட்டால் பொறு, பொறு எண்டு கடிதம் வருது. இனி ஒவ்வொரு மாதமும் நேரிலை போய்க் கேக்கப்போறன்."

"ரெயினிலை போகலாமே."

"விசாக் கந்தோர் காலமை திறக்கேக்கை நான் வாசலிலை நிக்கோணும். அந்த நேரத்துக்கு ரெயின் இல்லை."

"போனாலும் பொறு எண்டுதான் சொல்லுவினம்."

"சொல்லட்டும். என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

ரயர்க் கடைக்கு முன்னால் பஸ் நின்றது. இளையவன் இறங்கினான். மற்றவர் அசையாமல் இருந்தார். கதவு மூடப்போகையில் சட்டென்று எழுந்து ஓடினார்.

"நில்லடாப்பா! பக்கத்துச் சீற் சும்மாதானே கிடக்கும்? மட்டக்களப்பிலை என்ரை மனிசியும்தான் காத்துக்கொண்டிருக்கிறா. நானும் வாறன்."