தொமியின் காலில் ஒரு தேமல்

உங்கள் விரல் இடுக்கில் இருக்கும் வெடிப்புக்குக் களிம்பு எதுவும் வாங்காதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பை மாற்றுங்கள், போதும். வாசலில் குனிந்து வணங்கியபோதே கவனித்துவிட்டேன். ஆயுள் முழுக்கத் தோலையே பார்த்தவன் நான். மனிதர்களின் முகம் எனக்கு இரண்டாம்பட்சம். விசாரணைக் குழுவிலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். சந்தோஷம். என் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு யாரும் இந்த வீட்டுப் படியேறி வெகுகாலமாகிறது.

தொமியைப் பற்றித்தானே? சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

அப்போது நான் ஒசாகாவுக்கு மேற்கே ஓர் உள்கடல் தீவில் இருந்த தொழுநோய் விடுதியில் மருத்துவன். கரையோரக் கிராமங்களில் யார் மீதாவது சந்தேகம் வந்தால் போலீஸ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதிப்பது என் வேலை. நோய் என்று நான் சொன்னால் அவர்கள் தீவுக்கு வர வேண்டும். திரும்பிப் போக வழி கிடையாது. அது நான் போட்ட சட்டமல்ல.

தொமி ஆரஞ்சுத் தோப்பு வைத்திருந்த ஒரு வீட்டின் மருமகள். இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த படை. அதன் நடுவே வட்டவட்டமாகத் தீத்தழும்புகள். மாமியார் மூலிகைப் பஞ்சை உருட்டி வைத்துச் சூடு போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

"சூடு போட்டப்ப வலிச்சுதாம்மா?" என்று கேட்டேன்.

அவள் காகிதம் ஒட்டிய தள்ளுகதவுப் பக்கம் பார்த்தாள். அதற்குப் பின்னால் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லைங்க. அத்தை பதமாத்தான் வெச்சாங்க."

தீச்சூடு தெரியாத தோல். நான் என்ன நினைத்திருப்பேன், நீங்களே சொல்லுங்கள். அவள் கண்ணைக் கட்டிவிட்டு, தொட்டால் சொல்ல வேண்டும் என்று சொல்லி, தூரிகையால் தடவினேன். தழும்பின் மேல் தடவியது அவளுக்குத் தெரியவில்லை. பிறகு ஊசியால் குத்தினேன். பேசாமல் இருந்தாள். இன்னும் ஆழமாகக் குத்தினேன், ரத்தம் வந்தது. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. வெளுப்பும் மரப்பும் சேர்ந்தால் பாடப்புத்தகம் ஒரே பெயரைத்தான் சொல்லும். அதை நான் சொன்னேன். மறுநாளே படகு வந்தது. அவள் வீடெல்லாம் கிருமி கொல்லும் வெள்ளைத் தூளைத் தூவினார்கள்.

தீவுக்கு வருகிறவர்கள் புதுப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். ஊரில் குடும்பத்தின் மானம் போகாமலிருக்க. என்ன பெயர் வேண்டும் என்று குமாஸ்தா கேட்டபோது தொமி, "சயோ" என்றாள். அது ஊரில் விட்டுவந்த கைக்குழந்தையின் பெயர். மகளின் பெயரை நாலு பேர் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தாள்போல. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவுமில்லை.

நான் அப்போது ஒரு விதை எண்ணெயோடு வேறு சில மருந்துகளைக் கலந்து ஊசி தயாரித்திருந்தேன். கெட்டியான எண்ணெய். போட்ட இடம் கல்லாக வீங்கும், சிலருக்குச் சீழ் பிடிக்கும். தொமிக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் போட்டேன். பக்கத்துப் பாயில் படுக்கும் ஹட்சு என்ற நோயாளிக்கு விரல்கள் போய்விட்டன, வாய் மட்டும் போகவில்லை.

"எங்களுக்கெல்லாம் ஒரு ஊசி, சயோவுக்கு மட்டும் ரெண்டு. டாக்டரு ஆசைநாயகியக் கவனிக்கிற மாதிரியில்ல கவனிக்கிறாரு."

"வேணும்னா நீ வாங்கிக்கோயேன் அக்கா. உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம கெடக்குற சுகம் உனக்கும் தெரியட்டும்."

அடுத்த கோடைக்குள் தொமியின் படை மறைந்தது. தழும்புகளைச் சுற்றி உணர்ச்சி தெளிவாக இருந்தது. ஒசாகா மாநாட்டில் அவள் காலின் படங்களைக் காட்டினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். என் ஊசிக்கு அரசாங்கம் தனி ஆய்வுக்கூடமே ஒதுக்கியது.

சில வருடங்கள் கழித்து ஒரு மார்ச் மாதம். ஊசி போட்டு முடித்ததும் அவள் எழுந்து போகாமல் நின்றாள்.

"டாக்டர், பொண்ணு இந்த ஏப்ரல்ல பள்ளிக்கூடம் சேருறா. ஒரே ஒரு நாள் விடுங்களேன். பக்கத்துலகூடப் போகமாட்டேன். தூர நின்னு பாத்துட்டுத் திரும்பிடுறேன்."

"சட்டம் விடாதும்மா. நீ குணமானவதான், ஆனா நோய் வந்தவ வந்தவதான். காலுல உணர்ச்சி திரும்பி வந்திருக்கே, அத நெனச்சு சந்தோஷப்படு. இங்க யாருக்கும் அப்படி வந்ததில்ல."

அவள் என்னையே பார்த்தாள்.

"அது எப்ப டாக்டர் போச்சு?"

"அன்னிக்கு ஊசி குத்தினப்ப நீ வாயே திறக்கலையே."

"வலிச்சுதுங்க. உசிரு போற மாதிரி வலிச்சுது. போலீஸ்காரர் நிக்கிறாரு, உள்ள அத்தை உக்காந்திருக்காங்க. பிள்ளை பெத்தப்பவே துணியக் கடிச்சுக்கிட்டு, சத்தம் வெளிய வராம பெத்தவ நான். தாங்கிக்கிட்டா விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன்."

அன்று மாலை அவள் தோலிலிருந்து எடுத்து வைத்திருந்த கண்ணாடித் தகடுகளை மறுபடி நுண்ணோக்கியில் பார்த்தேன். கிருமி இல்லை. முதல் தகட்டிலேயே இல்லை; மரப்பை நம்பி அன்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அது வெறும் தேமல். வியர்வைக் காலத்தில் வரும், போகும். கந்தகக் களிம்பு தடவியிருந்தால் போதும். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கல்மனசுக்காரன் என்று எழுதிவிடாதீர்கள்.

குணமானவளை அனுப்பத்தான் சட்டத்தில் இடமில்லை. நோயே இல்லாதவளை நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பார்கள். ஏப்ரலுக்குள் போயிருக்கலாம். ஆனால் தொமி போனால் அந்த மாநாடும் போகும், ஆய்வுக்கூடமும் போகும். ஊசியை நம்பியிருந்த அத்தனை நோயாளிகளும் என்ன ஆவார்கள்? அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தான். திரும்பிப் போனால் எந்த அறையில் படுப்பாள்? இதையெல்லாம் நிதானமாகத்தான் யோசித்தேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, ஊசி வலித்ததை வெளியே சொன்னால் அரசாங்க டாக்டரை ஏமாற்றிய குற்றத்துக்கு அவள் புகுந்த வீட்டாரைப் பிடிப்பார்கள் என்றேன். பயந்துவிட்டாள். பாயில் நெற்றி படக் குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் மன்னித்தேன்.

ஊசியை நிறுத்தவில்லை. இதைக் கேட்கத்தானே வந்தீர்கள்? ஒரு மருந்து நோயால் ஏற்பட்ட கேட்டை மாற்றுகிறதா, தானே ஒரு கேட்டை உண்டாக்குகிறதா என்று பிரித்தறிய, நோயில்லாத உடம்பு ஒன்று வேண்டும். ஆரோக்கியமானவர்கள் யார் அந்த எண்ணெய்க்கு உடம்பைக் கொடுப்பார்கள்? எனக்கு அப்படி ஓர் உடம்பு கிடைத்திருந்தது. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நடை போயிற்று. பிறகு சிறுநீரகம். உலகப் போர் முடிந்த வருடம், குளிர்காலத்தில், சீழ் ரத்தத்தில் கலந்து இறந்தாள். சாகும்வரை சத்தம் போடவில்லை. ஹட்சுதான் விரலில்லாத கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்து நின்றேன். அழுதேன் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அஸ்தி வாங்கத் தீவுக்கு ஆட்கள் வருவது அபூர்வம். தொமிக்கு ஒருத்தி வந்தாள். சில வருடம் கழித்து, மெலிந்த ஓர் இளம்பெண். மகள்.

"எனக்கு ரெண்டு சம்பந்தம் பேசி முறிஞ்சு போச்சுங்க. அம்மாவுக்கு இருந்தது எங்க ரத்தத்துல ஓடுதாம். உண்மையச் சொல்லிடுங்க டாக்டர். அம்மாவுக்கு அந்த நோய் எந்த அளவுக்கு இருந்துச்சு?"

அவள் கைகளைப் பார்த்தேன். நல்ல தோல், தாயுடையதைப் போலவே.

"உங்க அம்மா பூரணமா குணமாயிட்டாங்க. என் ஊசியால குணமான முதல் ஆளு அவங்கதான்" என்றேன்.

அவள் அஸ்திப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் இருந்ததால்தான் அம்மா நிம்மதியாகப் போனாள் என்று சொல்லி வெகுநேரம் குனிந்து வணங்கினாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பதிலுக்கு வணங்கினேன், அவளைவிடத் தாழவே குனிந்தேன்.