தலைவர் அசையவில்லை

— அசையாத. மூச்சைக்கூட மெதுவா விடு.

— மெதுவாத்தான் விடறேன், சால்டர். ஆனா மூக்கு அரிக்குது.

— அரிக்கட்டும். சொறியக் கையைத் தூக்கினா நம்ம திருட்டு அலாரத்துல சங்கு ஊதும். சங்கு ஊதினா தெருவே கூடும், நடுவர் குழு மொத்தத்துக்கும் மெசேஜ் போகும். அதோட நம்ம போட்டி முடிஞ்சுது. சோதனை வாரத்துல ஒரு தடவை பொய் அலாரம் அடிச்சாலும் வெளியே போகணும்னு விதியைப் படிச்சுக் காட்டினது யாரு?

— நான்தான்.

— ஒலிபெருக்கி வெச்சு. இருந்தது நம்ம ரெண்டு பேரு.

— தலைவன்னா குரல் தெளிவா இருக்கணும். அதாவது...

— அந்த அதாவதை அப்புறம் வெச்சுக்கலாம். சோதனைக்கு நம்ம கருவியை மாட்டியிருக்கற உங்க அத்தையோட தையல் கடை பூட்டியிருக்கு. அதுக்குள்ள நீ துணிப் பொம்மைக்குப் பக்கத்துல ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறே. ஜன்னல் கம்பி வழியாப் பார்த்தப்போ, அத்தை இன்னொரு பொம்மை வாங்கிட்டாங்க போலன்னு நெனச்சேன். சட்டைதான் பொருந்தல.

— மேற்பார்வைக்கு வந்தேன். மதியம் தலைமை நடுவர் நேர்ல பார்க்க வர்றார். அதுக்கு முன்னாடி ஒரு தலைவனோட கடைசிப் பார்வை விழணும் இல்லையா.

— கையில என்ன?

— எந்தக் கையில?

— பசை டப்பா இல்லாத கையில.

— அது ஒரு சின்னத் தகடு.

— திருப்பிக் காட்டு. வேண்டாம் வேண்டாம், திருப்பாத. வாயால படி.

— "சிந்தனை, வடிவமைப்பு, தலைமை." அதுக்குக் கீழே என் பேரு.

— அதுக்குக் கீழே?

— தகடு சின்னது, சால்டர்.

— ஓகோ. சர்க்யூட் போட்டது நான். ஒயர் இழுத்தது நான். ஈயம் உருக்கி ஒட்டி விரல் நுனியெல்லாம் சுட்டுக்கிட்டு, சால்டர்னு பட்டப்பேரு வாங்கினது நான். நீ செஞ்சது கருவிக்குப் பேரு வெச்சது ஒண்ணுதான்.

— அந்தப் பேரு இல்லேன்னா அது வெறும் சோப்பு டப்பா.

— சோப்பு டப்பாவேதான். அதனாலதான் விலை குறைவு. வீட்டுக் காவல்னு எழுதினா போதும்னேன். "மாபெரும் இல்லப் பேரரண்"னு எழுதணும்னு அடம் பிடிச்சே. மூடியில இடம் பத்தாம "மாபெரும் இல்ல"ன்னு நிக்குது.

— அதை மறைக்கவும்தான் தகடு.

— எப்படி நுழைஞ்சே?

— பின்னால துணி அடுக்கற அறை இருக்கே, அதோட ஜன்னல் வழியா. வெளியிலேருந்து தாவிட்டேன். உள்ளேருந்து பார்த்தா அது எட்டாத உயரத்துல இருக்கு. வர்றது சுலபம், போறதுக்கு இந்தக் கூடம்தான் வழி.

— அங்கேயும் ஒரு சென்சார் வைக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.

— விலை ஏறும்னு நான் எடுக்கச் சொன்னேன். ஏழை எளிய மக்களுக்கான கருவி, வரலாறு நம்மை...

— மேடையில என்ன பேசினே? "இதைத் தாண்டி ஒரு ஈ கூட நுழைய முடியாது."

— ஈயைத்தானே சொன்னேன். ஆளைப் பத்தி நான் வாக்கு குடுக்கல.

— சரி, இவ்வளவு தூரம் சங்கு ஊதாம எப்படி வந்தே?

— நத்தை மாதிரி நகர்ந்தா அதுக்குத் தெரியாதுன்னு நீதானே ஒரு தடவை சொன்னே. அப்படியே நகர்ந்து வந்தேன். நடுக்கூடத்துல நிமிர்ந்து பார்த்தா, கருவியில சிவப்பு விளக்கு எரியுது. அப்படியே நின்னுட்டேன்.

— அதே மாதிரி நத்தையாவே துணி அறைக்குத் திரும்பிப் போ.

— ஊனின கால் மரத்துப்போச்சு. இப்ப நகர்ந்தா நத்தை இல்ல, மூட்டைதான்.

— நல்லா மாட்டினே. முதல் அசைவுக்கு விளக்கு மட்டும் எரியும், அடுத்த அசைவுக்குத்தான் சங்கு. குறுக்கே ஒரு பூனை போனதுக்கெல்லாம் ஊரைக் கூட்டக்கூடாதுன்னு நான்தான் அப்படி வெச்சேன். எரிஞ்ச விளக்கு நம்பர் அடிச்சாத்தான் அணையும். நம்பர் பலகை இருக்கறது வாசக்கதவுக்கு உள்பக்கம். கதவுச் சாவி உங்க அத்தைகிட்ட.

— அத்தைக்கு போன் பண்ணு.

— பண்ணிட்டேன். யாருக்கோ கோட்டுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருக்காங்க. முடிச்சுட்டு வர்றாங்களாம். "சின்ன வயசுலேருந்து ஒரு இடத்துல நிக்காத பையன், இன்னிக்காவது நிக்கட்டும்"னாங்க.

— இது எங்க குடும்பத்தோட பாச மொழி.

— விளையாட்டு இல்ல, தலைவரே. ஜெயிச்சா காலேஜ் ஆய்வுக்கூடத்துல நமக்குன்னு ஒரு மேஜை. பிளக் பாயிண்டோட. தோத்தா திரும்பவும் சைக்கிள் ஸ்டாண்ட். மழை பெஞ்சா குடைக்கு அடியில உக்காந்து சால்டர் வைக்கறது யாருன்னு மறந்துட்டியா?

— குடை பிடிச்சது நான்.

— பாதி நேரம் உன் தலைக்கு.

— தலைவனுக்கு ஜலதோஷம் பிடிச்சா அணி என்ன ஆகும்?

— பேச்சு குறைஞ்சிருக்கும், வேலை சீக்கிரம் முடிஞ்சிருக்கும். வாயை மூடிக்கிட்டு நில்லு. அந்த நடுவர் எந்த நிமிஷமும் வந்து நிப்பார்.

— பெரிய மனுஷர். ஆரம்ப விழாவுல என்ன பேச்சு. "என்னைத் தடுக்கற கதவை இன்னும் எந்தத் தச்சனும் செய்யவில்லை." நான் குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

— நான் தூங்கிட்டேன். நீ கை தட்டினதுல முழிச்சேன். அரங்கத்துலயே தட்டினது நீ ஒருத்தன்தான், அவரே யாருன்னு எட்டிப் பார்த்தார். அந்த மனுஷர் ஒரு ஸ்குரூவைத் திருப்பி யாரும் பார்த்ததில்லையாம். ரிப்பன் வெட்டறதுல மட்டும் கைதேர்ந்தவராம்.

— பொறாமை. மேடை ஏறினவனுக்குத்தான் மேடை ஏறினவன் அருமை தெரியும். சால்டர், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

— இதுக்கு மேல கோவிக்க இடமில்ல.

— விளக்கு என்னால எரியல.

— பின்ன? அதுவா எரிஞ்சுதா?

— நான் துணி அறைக் கதவுகிட்ட நிக்கும்போதே தரையில சிவப்பு தெரிஞ்சுது. அத்தை இஸ்திரிப் பெட்டியை அணைக்காம போயிட்டாங்கன்னு நெனச்சேன். பக்கத்துல வந்தப்புறம்தான் அது நம்ம விளக்குன்னு புரிஞ்சுது.

— பொய் சொல்லாத. காலையில அத்தை பூட்டினப்போ நான் கூட நின்னேன். பச்சை எரிஞ்சுது.

— தகட்டு விஷயத்துல பொய் சொல்லுவேன். இதுல மாட்டேன்.

— பூனை?

— இத்தனை நேரம் நிக்கிறேன், எலி கூட வரல.

— அப்போ... யாருமே அசையாம அது தானா எரிஞ்சிருக்கு.

— சால்டர்?

— என் சர்க்யூட் தப்பு. எங்கேயோ ஒரு இடத்துல நான் சொதப்பியிருக்கேன். இன்னிக்கு தானா விளக்கு எரியும், நாளைக்கு தானா சங்கு ஊதும். ஒரு வீட்டுல கைக்குழந்தை தூங்கும், நோயாளி படுத்திருப்பாங்க. இதை எப்படி ஒருத்தர் வீட்டுல மாட்டறது?

— இதுக்குப் போயி... நான்தான் அசைஞ்சேன்னு சொல்லிடறேன். தகடு ஒட்டத் திருட்டுத்தனமா வந்தேன், என்னாலதான் எரிஞ்சுதுன்னு நடுவர்கிட்ட சொல்றேன். என்னை மட்டும் நீக்கட்டும். கருவி உன் பேர்ல நிக்கட்டும். மேஜையை நீ வாங்கிக்கோ.

— நீயா பேசறே?

— காலுக்கு ரத்தம் போகல, அதனால இருக்கும்.

— நல்லவன்டா நீ. ஆனா வேண்டாம். தப்பான கருவியை நல்ல கருவின்னு சொல்லி வாங்கற மேஜையில உக்காந்து என்னால வேலை செய்ய முடியாது. சைக்கிள் ஸ்டாண்டே போதும்.

— யாருக்கு போன் பண்றே?

— தலைமை நடுவருக்கு. விளக்கு தானா எரியுது, நாங்க விலகிக்கிறோம்னு நானே சொல்லிடறேன். அவர் அவ்வளவு தூரம் கார் எடுத்துக்கிட்டு வர வேண்டாம்.

— கொஞ்சம் யோசி.

— யோசிச்சாச்சு. ரிங் போகுது. இரு... உன் போன் அடிக்குது பாரு.

— என் போன் பின்பக்கச் சுவத்து மேல இருக்கு. ஜன்னல்ல நுழையறப்போ இடிச்சுதுன்னு எடுத்து வெச்சேன்.

— அப்போ உள்ளே அடிக்கறது யாரோடது?

— எனக்கும் கேக்குது. துணி போட்டுப் பார்க்கற மறைப்பு இருக்கே, அந்தத் திரைக்குப் பின்னாலேருந்து. சால்டர், என்னால திரும்பிப் பார்க்க முடியல, நீ பாரு.

— திரைக்குக் கீழே ரெண்டு ஷூ தெரியுது. பளபளன்னு இருக்கு. ஹலோ... யாரு?

— சத்தம் போடாதம்மா, தலைமை நடுவர்தான் பேசறேன். உன் சர்க்யூட்ல ஒரு தப்பும் இல்ல. உங்க கருவியை ஏமாத்திப் பார்க்கலாம்னு தம்பிக்கு முன்னாடியே அதே ஜன்னல் வழியா வந்து அந்த விளக்கை எரிய வெச்சவன் நான்தான், தம்பியோட அத்தை வர்றதுக்குள்ள அந்த நம்பரை எப்படியாவது அடிச்சு என்னை வெளியே விட்டுடு.